இசை அரங்க நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளாக நேரடி இசை நிகழ்ச்சிகளுக்குச் சீட்டு வாங்கிச் சென்றுவரும் ரசிகன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். சென்ற மாதம் உங்கள் அரங்கில் நான் கேட்ட நிகழ்ச்சியின் முதல் பாடல் எனக்குச் சுவர் வழியாகத்தான் கிடைத்தது. தாழ்ந்த சுரங்களே சுவரை எளிதில் கடக்கும் என்பதால், பாடகியின் குரலோ பாட்டின் சொல்லோ எட்டவில்லை. பாஸ் கிட்டாரின் அதிர்வும் டிரம்ஸின் அடியும் மட்டும் வந்தன. நானும் எனக்கு முன்னும் பின்னும் வாசல் வரிசையில் இருந்தவர்களும் கையில் சீட்டை வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி நின்றோம்.

சீட்டில் 7.30 மணி என்று இருந்தது. ஒலிச் சோதனை முடியாததால் கதவு 7.20-க்குத்தான் திறந்தது. அதிலும் இரண்டு வாசல்களில் ஒன்று பூட்டியே இருந்தது. சீட்டு ஒன்றைச் சரிபார்க்க ஆறு வினாடி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வாசலில் நிமிடத்துக்குப் பத்துப் பேர்தான் நுழைய முடியும். அறுநூறு பேருக்கு ஒரு மணி நேரம் வேண்டும். வாசலில் தனியாக நின்ற இளைஞர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஸ்கேன் செய்தார். அடுத்த கதவைத் திறக்கலாமே என்று ஒரு பெரியவர் கேட்டபோது, “மேலிடத்துல சொன்னாத்தான் சார் திறக்க முடியும்” என்றார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. வாசலுக்கு எத்தனை பேர், எத்தனை கருவி, கதவைத் திறக்க யாருக்கு அதிகாரம் என்பதெல்லாம் அந்த மாலைக்கு வெகு நாட்களுக்கு முன்பே உங்கள் அறையில் முடிவானவை. அந்த முடிவுகளுக்கான வசவை மட்டும் அவர் வாங்கிக்கொண்டிருந்தார்.

இதை வெறும் வசதிக்குறைவு என்று நீங்கள் கருதிவிடக் கூடாது. 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தி ஹூ இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு முன், ஆயிரக்கணக்கானோர் காத்திருந்த இடத்தில் மிகச் சில கதவுகளே திறக்கப்பட்டன. உள்ளிருந்து ஒலி கேட்டதும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று எண்ணிக் கூட்டம் நெருக்கியதில் 11 பேர் உயிரிழந்தார்கள். உங்கள் வாசலில் கூட்டம் சிறியது, பொறுமையானது. ஆனாலும் சுவருக்குப் பின்னால் பாட்டு தொடங்கிய நொடியில் வரிசை ஓரடி முன்னே நகர்ந்ததை நான் முதுகில் உணர்ந்தேன்.

உள்ளே போன பிறகும் அந்தத் தாமதம் எங்களை விடவில்லை. காலி அரங்கில் சரிசெய்த ஒலி, ஆட்கள் நிறைந்ததும் மாறிவிடும். மனித உடலும் உடையும் உயர்ந்த சுரங்களை உறிஞ்சிக்கொள்ளும். அந்த மாற்றத்தை ஒலிப் பொறியாளர் முதல் பாடலிலேயே சமன்செய்ய வேண்டும். நான்காவது பாடல்வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் அவர் எந்த அரங்குக்காகச் சரிசெய்வார்? ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் செல்லும்; மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு அது பத்தில் ஒரு வினாடி பிந்தியே வந்துசேரும். பின்வரிசைக்கென வைக்கும் ஒலிபெருக்கிகளை அந்தத் தாமதத்துக்கு ஏற்ப இசைவிக்க நேரம் தேவை. அதற்கு நேரமில்லாமல் போனதோ என்னவோ, கடைசி வரிசையில் ஒவ்வொரு சொல்லையும் நான் இரண்டு முறை கேட்டேன். பின்னால் தெளிவில்லை என்று குரல் எழுந்ததும் மொத்த ஒலியையும் ஏற்றினார்கள். முன்வரிசையில் ஒரு தாய் தன் மகளின் காதுகளை இரு கைகளாலும் பொத்தினார். பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இத்தகைய அரங்குகளுக்கு வரம்பு வகுத்துள்ளது. அந்த அளவு உங்கள் அரங்கில் கண்காணிக்கப்படுகிறதா என்பதையும், காது அடைப்பான்களை வாசலிலேயே தர இயலுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

குடிநீர், கழிவறை பற்றியும் சொல்ல உண்டு. அவற்றைத் தனியே எழுதுகிறேன். இங்கே நான் வற்புறுத்துவது நேரத்தைப் பற்றி. கதவு திறக்கும் நேரத்தையும் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தையும் சீட்டில் தனித்தனியே அச்சிடுங்கள். கதவு திறக்கும் முன் ஒலிச் சோதனை முடிந்தாக வேண்டும் என்பதைக் கலைஞர்களுடனான ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். இரண்டாவது கதவைத் திறக்கவும், வரிசை நீண்டிருந்தால் தொடக்கத்தைப் பத்து நிமிடம் தள்ளிவைக்கவும் வாசலில் நிற்கும் பொறுப்பாளருக்கு அதிகாரம் கொடுங்கள். உங்களில் ஒருவராவது ஒரு மாலை சீட்டுடன் வரிசையில் நின்று, கடைசி வரிசையில் அமர்ந்து முழு நிகழ்ச்சியையும் கேளுங்கள்.

அடுத்த மாத நிகழ்ச்சிக்கு இரண்டு சீட்டுகள் வாங்கியிருக்கிறேன். உடன் வருபவர் என் தாயார். ஊன்றுகோலின் துணையோடு நடப்பவர், வெகு நேரம் நிற்க இயலாதவர். எந்த வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பாவது அறிவித்தால் அவரை அந்த நேரத்துக்கு அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் அரங்கின் ரசிகன்