ஆய்வக நுட்புநர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், ஈரோடு, கோபி, பெருந்துறை, திருப்பூர் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பங்குனிக் கூட்டத்தை மட்டும், பண்ணாரி குண்டம் வந்துவிட்டதால், சத்தியமங்கலம் உறுப்பினர்கள் கேட்டபடி ஒரு வாரம் தள்ளி வைத்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் மெனக்கெட்டது பி53 புரதத்தை ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் பொருள்) கொண்டு, திசுவில் நிறமேற்றிப் பார்க்கும் வேலைக்குத்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன்.

செல்லின் டி.என்.ஏ. பழுதானால் செல் பிரிவதை நிறுத்தி வைப்பதும், பழுது சரியாகாவிட்டால் அந்தச் செல்லையே சாகவிடுவதும் பி53-இன் வேலை. 1979-இல் இது கண்ணில் பட்டதே ஆன்டிபாடியின் தயவில்தான். எஸ்.வி.40 வைரஸ் புரதத்தைப் பிடிக்கப் போட்ட ஆன்டிபாடியோடு இந்தப் புரதமும் சேர்ந்து வந்தது. புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓடியதை வைத்து, எடை 53 கிலோ டால்டன் என்று கணித்துத்தான் 53 என்றார்கள். உண்மை எடை 44 கிலோ டால்டன் அளவுதான். புரோலின் மிகுந்த பகுதி இருப்பதால் ஜெல்லில் மெதுவாக நகர்கிறது. புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்றே பல ஆண்டுகள் நம்பப்பட்டது, 1989 வாக்கில்தான் தடுக்கும் புரதம் என்று தெளிவானது.

பயிற்சி முகாமில் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கிலிருந்து 4 மைக்ரான் சீவலை எடுத்து, சைலீன், ஆல்கஹால் எல்லாம் முடித்து, சிட்ரேட் கரைசலோடு பிரஷர் குக்கரில் வைத்தோம். திசு கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின், புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடத்தை மூடிவிடுகிறது. அதைத் திறக்கத்தான் இந்தச் சூடு. கடைசியில் ஆன்டிபாடி ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகத் தெரியும்.

ஒரு ஸ்லைடில் கட்டிச் செல்களில் துளிகூடப் பழுப்பு இல்லை. "நெகட்டிவ்ங்க, எழுதிரலாமுங்களா?" என்று இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். நோயியல் மருத்துவர் பதில் சொல்லாமல் ஸ்லைடை நகர்த்தி, பக்கத்திலிருந்த லிம்போசைட்டுகளை, அதாவது இயல்பான வெள்ளணுக்களை, காட்டினார். அவற்றின் உட்கருக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிர் பழுப்பு தெரிந்தது. ஆக, ஆன்டிபாடி வேலை செய்திருக்கிறது, கட்டியில்தான் புரதம் இல்லை. லிம்போசைட்டும் வெறுமையாக இருந்திருந்தால் அந்த ஸ்லைடே செல்லாது, மறுபடி போட வேண்டும்.

இது ஏன் முக்கியம்? இயல்பான செல்லில் பி53 உண்டாக உண்டாக எம்.டி.எம்.2 என்ற புரதம் அதை அழிவுக்கு அனுப்பிவிடும். அதனால் நிறம் திட்டுத் திட்டாக, வெளிறித்தான் இருக்கும். ஜீனில் சில வகைப் பிறழ்வு வந்தால் புரதம் அழியாமல் சேர்ந்து, ஏறக்குறைய எல்லா உட்கருவும் அடர் பழுப்பாகும். வேறு வகைப் பிறழ்வில் புரதமே உருவாகாது. அடர்த்தி, முழு வெறுமை இரண்டுமே கோளாறுதான். "நெகட்டிவ்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால், படிக்கும் மருத்துவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார். அந்த அறிக்கைக்குப் பின்னால் ஒரு நோயாளி காத்திருக்கிறார்.

எனவே பேரவை நிறைவேற்றிய தீர்மானம்: பி53 அறிக்கையில் நிறம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை எழுத வேண்டும், ஒவ்வொரு ஸ்லைடிலும் கன்ட்ரோல் திசு (சோதனை சரியாக ஓடியதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் திசு) இருக்க வேண்டும்.

ஆன்டிபாடி சேமிப்பு பற்றியும் நிறையப் பேசினோம். கத்திரி வெயிலில் ஐஸ் உருகிய பெட்டியில் ஒரு குப்பி வந்து சேர்ந்தது, மாற்றித் தருவதற்குள் உறுப்பினருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்தால் பழைய லாட்டோடு பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். உறைய வைப்பதும் உருக்குவதுமாக ஒரே குப்பியை வதைக்க வேண்டாம்.

அப்புறம், சிறு ஊர்களிலிருந்து பஸ்ஸில் வரும் பயாப்ஸிகள். ஃபார்மலின் போதாமல் வந்த திசுவில் எவ்வளவு நல்ல ஆன்டிபாடியும் தோற்றுப்போகும். பஃபர் சேர்த்த 10 சதவீத ஃபார்மலினை மட்டுமே பயன்படுத்தச் சொல்லி, அனுப்பும் மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில்கள் வரத் தொடங்கியுள்ளன.

வரும் ஆண்டில், கன்ட்ரோல் வாங்க வசதியில்லாத சிறு ஆய்வகங்களுக்குச் சங்கமே கன்ட்ரோலாக வைக்க டான்சில் திசு பிளாக்குகளைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்