ஏபிகே என்றாலே திருட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் செல்போன் பாதுகாப்புக் கட்டுரையில், 'பிளே ஸ்டோருக்கு வெளியே செயலி இறக்குகிறவர் ஏமாறத் தயாராக இருப்பவர்' என்று ஒரு வரி. பல வருட வாசகனான எனக்கு அது மனசில் தைத்துவிட்டது.

ஆபத்து எனக்கும் தெரியும். என் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக நிறுவும் செயலிக் கோப்பு) வந்தது. சொந்தக்காரர் எண்ணிலிருந்து வந்ததால் திறந்தார். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். ஓடிபி யாருக்கோ போய், பென்ஷன் பணமும் போனது. வங்கியில் முறையிட்டால், "நீங்க ஏன் திறந்தீங்க?" என்று அவரையே கேட்டார்கள். இப்போது உங்கள் கட்டுரையும் அதையே கேட்கிறது.

கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது உங்களுக்குத் தெரியும். அடையாளச் சான்று கொடுத்துப் பதிவு செய்யாதவர் எழுதிய செயலியை ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவ முடியாது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, 2027 முதல் மற்ற நாடுகள். எதிர்ப்பு வந்த பிறகு, விவரம் தெரிந்தவர்களுக்கு மாற்று வழி தருவதாக நவம்பரில் சொன்னார்கள். கட்டுரை இந்தத் திட்டத்தை மெச்சுகிறது. சான்று கேட்டால் திருடன் ஓடிவிடுவானா? ஆதாரும் பானும் கொடுத்துத் திறந்த வங்கிக் கணக்குகளே மோசடிக்கு வாடகைக்குப் போகின்றன. மிரட்டிப் பணம் பறித்த கடன் செயலிகள் பிளே ஸ்டோரிலேயே இருந்தன. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலைக்குள் 2,500-க்கும் மேற்பட்ட கடன் செயலிகள் அங்கிருந்து நீக்கப்பட்டதாக நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். அவற்றை நம்பி உயிரைவிட்டவர்களும் ஏமாறத் தயாராக இருந்தவர்கள்தானா?

நான் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். என் மாணவர்கள் ஊர்ப் பேருந்து நேரத்துக்கும் பால் சொசைட்டி கணக்குக்கும் செயலி எழுதி, ஏபிகேயாகவே அக்கம்பக்கத்தில் கொடுக்கிறார்கள். எஃப்-டிராய்டு என்ற திறந்த மூலச் செயலிக் களஞ்சியத்தில் இருக்கும் செயலிகளின் மூலநிரலைப் படித்துத்தான் பலர் தொழில் கற்றார்கள். அந்தப் பிள்ளைகளைத் திருடர்களோடு சேர்த்து எழுத எப்படி மனம் வந்தது?

2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13, வெளியிலிருந்து வரும் செயலி திரையைப் படிக்கும் அனுமதியைச் சுலபமாகப் பெற முடியாதபடி பூட்டு போட்டது. செயலி எழுதுகிற உரிமையில் அது கை வைக்கவில்லை. அந்தப் பூட்டை இன்னும் கெட்டியாக்கச் சொல்லுங்கள். பணத்தின் சாவியான ஓடிபியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் வங்கிகளையும் கொஞ்சம் கேளுங்கள்.

அத்தனை நீளக் கட்டுரையில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் எங்கும் இல்லை. பணம் போனதும் உடனே அழைத்தால் மேற்கொண்டு கைமாறாமல் முடக்க வாய்ப்பு உண்டு. அடுத்த இதழில் அதையாவது பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர்,
திருநெல்வேலி