பாப்பா பேச்சுக்கு நீ கேட்ட குறிப்பு

தொண்டி

அன்பு மகன் சேகருக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நாலு வாரமாக உன் போன் இல்லை. பாப்பா பேச்சுக்கு சர்தார் வல்லபாய் பட்டேல் பற்றிக் குறிப்பு வேண்டும் என்று ஒரு வரி மட்டும் வந்தது. அவள் மேடையேறுவது எனக்குப் பெருமைதான். போனிலும் கேட்டிருக்கலாம்.

பிறப்பு 1875 அக்டோபர் 31. 'இரும்பு மனிதர்' என்று ஆரம்பிக்க வேண்டாம், எல்லாப் பிள்ளைகளும் அதையே சொல்லும். ராஜாக்கள் ஆண்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு சேர்க்க அவர்களிடம் கையெழுத்து வாங்கிய விதத்தைச் சொல்லட்டும். 560-க்கு மேல் சமஸ்தானங்கள். மொத்தத்தையும் கொடு என்று முதல் நாளே கேட்கவில்லை. இணைப்புப் பத்திரத்தில் கேட்டது மூன்றுதான்: பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு. ரயிலும் தபாலும் கடைசியதில் அடக்கம். வரியும் உள்ளூர் நிர்வாகமும் ராஜாவிடமே இருந்தன. அதனால்தான் 1947 ஆகஸ்ட் 15-க்குள் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டார்கள். நிர்வாகத்தை ஒப்படைப்பது, ராஜாவுக்கு மானியம் எவ்வளவு என்பதெல்லாம் அடுத்த கட்டப் பேச்சு. பக்கத்துப் புதுக்கோட்டை 1948 மார்ச் 3-ல் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது அப்படித்தான். ராமநாதபுரத்தை அந்தக் கணக்கில் சேர்த்துவிடப் போகிறாள், பார்த்துக்கொள். சேதுபதியை ராஜா என்றுதான் சொல்கிறோம். ஆனால் அது 1803-லிருந்து ஜமீன், சமஸ்தானம் இல்லை. இணைப்புப் பத்திரம் கிடையாது.

ஜூனாகத், காஷ்மீர், ஐதராபாத் மூன்றும் இழுத்தடித்தன. ஐதராபாத்துக்குள் 1948 செப்டம்பர் 13-ல் ராணுவம் போனது, 17-ல் முடிந்தது.

இன்னொன்று. வக்கீல் படிப்புக்கு லண்டன் போகப் பட்டேல் காசு சேர்த்தார். டிக்கெட் 'வி.ஜே. பட்டேல்' என்று வந்தது. அண்ணன் விட்டல்பாய்க்கும் அதே எழுத்துதான். மூத்தவன் நான் முதலில் போகிறேன் என்றார். தம்பி விட்டுக்கொடுத்து, செலவையும் ஏற்றார். தான் போனது 1910-ல். இதைப் பேச்சில் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, நீ படி. உன் அண்ணன் உன்னைப் பற்றிக் கேட்காத வாரம் இல்லை. நீ ஒரு போன் பண்ணினால் என்ன?

ஆனால் பட்டேலை அவர் அண்ணன் கேட்டார். உன்னை நான் கேட்கவில்லை. வீட்டை அண்ணன் பேருக்கு எழுதின அன்று நீ திண்ணையில் உட்கார்ந்து செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தாய். எங்கேப்பா கிளம்பிட்டீங்க என்றாய். மாத்திரை வாங்க என்றேன். பத்திரம் சட்டைக்குள் இருந்தது. கோபப்பட வேண்டியது என்மேல், அவன்மேல் இல்லை.

பேச்சு மூன்று நிமிஷம் தாண்டக் கூடாது. ஞாயிறு சாயங்காலம் பாப்பாவைப் போனில் பேசிக் காட்டச் சொல். அண்ணனும் இங்கேதான் இருப்பான்.

அப்பா