பிளஸ் 12, மைனஸ் 12: கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

திண்டிவனத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.) சுற்றுகளைச் சோதிக்க இப்போது சொந்தமாக ஒரு பவர் சப்ளை இருக்கிறது. பிளஸ் 12, பூஜ்யம், மைனஸ் 12 வோல்ட் என மூன்று முனைகள். 741 என்ற ஆப்-ஆம்ப் ஐ.சி.யின் 7ஆம் காலுக்குப் பிளஸும் 4ஆம் காலுக்கு மைனஸும் கொடுத்ததும், சைன் அலை பூஜ்யத்துக்கு மேலும் கீழும் வெட்டுப்படாமல் ஏறி இறங்கியது. அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பை விட்டுப் பிள்ளைகள் நகரவே இல்லை.

முதல் நன்றி டிரான்ஸ்பார்மர் சுற்றித் தந்த பெரியவருக்கு. நாங்கள் கேட்டது 12-0-12, அதாவது நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட். "சாயங்காலம் நம் ஊரில் வோல்டேஜ் இறங்கும் தம்பி. வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டருக்கு இரண்டரை வோல்ட்டாவது மிச்சம் வேண்டாமா? 15-0-15 போடுகிறேன்" என்றார். செகண்டரிக்கு (வெளியீட்டுச் சுருளுக்கு) இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாகவே சுற்றினார். ஒன்றின் முடிவையும் மற்றதன் தொடக்கத்தையும் முறுக்கிப் பற்றவைத்த இடம்தான் நடுமுனை. மீட்டர் வைத்துப் பார்த்தோம். இரு பக்கமும் ஒரே அளவு. கூலி வேண்டாமென்று கம்பிக்கான காசை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்தக் கைப்பழக்கத்தைப் பிள்ளைகள் அருகிலிருந்து பார்த்ததை நான் பெரும்பேறாகவே நினைக்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் 7812 (பிளஸ் 12), 7912 (மைனஸ் 12) ரெகுலேட்டர்கள் இரண்டையும் எடுத்துக் கொடுத்த கடைக்காரர், பில்லின் பின்புறம் கால்களின் வரிசையை வரைந்தும் தந்தார். 7812இல் உள்ளீடு, கிரவுண்டு, வெளியீடு. 7912இல் கிரவுண்டு, உள்ளீடு, வெளியீடு. 7912இன் உலோக முதுகு உள்ளீட்டோடு இணைந்தது என்பதால், சூட்டைப் போக்கும் ஒரே ஹீட்சிங்கில் இரண்டையும் நேரடியாகத் திருகினால் ஷார்ட் ஆகிவிடும். அதைத் தடுக்க, மின்சாரம் கடத்தாத மைக்கா தகடும் பிளாஸ்டிக் புஷ்ஷும் காசு வாங்காமல் கொடுத்தார். கூட்டம் நெரியும் நேரத்தில் இவ்வளவு பொறுமை!

டிவி பழுதுபார்க்கும் அண்ணன் தம் சீரிஸ் பல்புப் பலகையோடு (கரண்டை ஒரு பல்பு வழியாகவே கொடுத்து, ஷார்ட் இருந்தால் காட்டும் பலகை) வகுப்புக்கே வந்தார். சுவிட்ச் போட்டதும் 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் நிறையும் வரை பல்பு பளிச்சென்று எரிந்து, உடனே மங்கியது. "சரி, இனி நேராகக் கொடுக்கலாம்" என்று அவர் சொன்ன பிறகே பிள்ளைகளைத் தொடவிட்டேன். பெட்டிக்குத் துளை போட்டுத் தந்த பட்டறைக்கும் நன்றி.

சனிக்கிழமை மாலைகளில் யார் வேண்டுமானாலும் தங்கள் சுற்றைக் கொண்டுவந்து சோதிக்கலாம். ஒரு பக்கத்துக்கு அரை ஆம்பியருக்குள் இருக்கட்டும்.

நன்றியுடன்,
மாலை வகுப்பு ஆசிரியர்