எண்பதாம் எண்ணுக்கும் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் டென்வர் பிராங்கோஸ் அணி அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் வென்ற கதையைத் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சென்ற வாரம் படித்தேன். அந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் யாரும் எழுதமாட்டார்களா என்று பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கான ஜான் எல்வே, டெரல் டேவிஸ், ஷானன் ஷார்ப் ஆகிய மூவரையும் மனதாரப் புகழ்ந்த அந்தக் கட்டுரையில், அந்த அணியில் வீசிய பந்தை ஓடிப் பிடிக்கும் வைட் ரிசீவரான ராட் ஸ்மித்தின் பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லை. அவருடைய சொந்த நாட்டிலேயே பல நேரங்களில் இதுதான் நடக்கிறது என்பதால் கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடுபட்டதை எழுதி அனுப்பவே இந்தக் கடிதம்.

திருப்பூரில் பனியன் துணிக்கு அச்சிடும் சிறு பட்டறை நடத்தும் எனக்கு அமெரிக்கக் கால்பந்தோடு என்ன உறவு என்று தங்களுக்குத் தோன்றலாம். பல ஆண்டுகளுக்கு முன் மாதிரிக்காக வந்த பெட்டி ஒன்றில், முதுகில் 80 என்ற எண் மட்டும் பொறித்த ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று இருந்தது. பலமுறை துவைத்து அச்சு வெடித்துப்போன பழைய சட்டை அது. எட்டின் இடுப்பில் சாயம் உதிர்ந்து துணி தெரிந்தது. அதே அளவில் ஃபிரேம் கட்டி, மேசையில் துணியைப் பரப்பிச் சாயத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது, உதவிக்கு நின்ற பையன், “ஏனுங்கண்ணா, இந்த எண்பது யாருங்க?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு தேடத் தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. இப்போது நாங்கள் நால்வர் இருக்கிறோம். செக்கிங் ஒப்பந்தக்காரர் ஒருவர், பேக்கரிக்காரர் ஒருவர், பீளமேட்டில் இரவுப் பணி பார்க்கும் என் மைத்துனர், பிறகு நான். டென்வரில் ஞாயிறு பிற்பகல் ஆட்டம் என்றால் நமக்கு நள்ளிரவு கடந்து இரண்டு மணி ஆகிவிடும். திங்கட்கிழமை காலையில் பட்டறையில் நான் கொட்டாவி விடுவதற்குக் காரணம் என் வீட்டாருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த எண்பதை அணிந்தவர்தான் ராட் ஸ்மித். அவர் 1970-இல் அர்க்கன்சாஸ் மாநிலத்தின் டெக்சார்கானாவில் வறுமையான குடும்பத்தில் பிறந்தவர். மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரில் உள்ள மிசௌரி சதர்ன் என்ற சிறிய கல்லூரியில் விளையாடிக்கொண்டே மூன்று பட்டங்கள் பெற்றார். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ என்ற நிகழ்வு அங்கே ஆண்டுதோறும் நடக்கும். நம் ஐபிஎல் ஏலத்தைப் போல் அங்கே விலை கேட்பதில்லை. முந்தைய ஆண்டில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு என்பதே அதன் அடிப்படை. 1994-இல் 28 அணிகளும் ஏழு சுற்றுகளில் 222 பேரைத் தேர்ந்தெடுத்தன. அந்த 222 பேரில் ஸ்மித் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு டென்வர் அவரைச் சேர்த்துக்கொண்டு, அந்த ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு மட்டும் ஆடும் குழுவில் வைத்திருந்தது. வலைப்பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியாவுக்குப் போய், மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கித் திரும்பிய சின்னப்பம்பட்டி நடராஜனை அறிந்த நம் பகுதி மக்களுக்கு, அந்த நிலை எப்படிப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

அவர் பிடித்த முதல் பந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1995 செப்டம்பர் 17 அன்று வாஷிங்டன் அணியோடு 31-31 என்று சமநிலையில் இருந்த ஆட்டத்தின் கடைசி வீச்சு அது. எல்வே 43 கெஜத் தொலைவுக்கு வீசிய பந்துக்காக, பின்னாளில் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற டேரல் கிரீன் என்ற தடுப்பாட்டக்காரருக்கு மேலே எழும்பி, எல்லைக்குள் அதைப் பிடித்து இறங்கினார் ஸ்மித். நேரம் முடிந்தது, டென்வர் 38-31 என்று வென்றது. இப்படி எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பதைத்தான் டச்டவுன் என்கிறார்கள். தேசியக் கால்பந்து லீக்கில் ஒருவர் பிடித்த முதல் பந்தே வெற்றிக்கான டச்டவுனாக அமைந்தது. அந்தப் பழைய காணொளியை நாங்கள் எத்தனை முறை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. பேக்கரிக்காரருக்கு அதைப் போட்டுக் காட்டினால், கிரீன் கையை நீட்டும் கணத்தில் இன்றைக்கும் இருக்கையை விட்டு எழுந்துவிடுகிறார்.

ஆனால் ஸ்மித்தின் உண்மையான பெருமை பந்து கைக்கு வராத நாட்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தங்கள் கட்டுரை விவரித்த முதல் சூப்பர் பவுலில், அதாவது 1998 ஜனவரி 25 அன்று கிரீன் பே பேக்கர்ஸ் அணியை 31-24 என்று வீழ்த்திய ஆட்டத்தில், ஸ்மித் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு ஆயிரம் கெஜத்துக்கு மேல் எடுத்தவருக்கு மிகப் பெரிய நாளில் கணக்கு சுழியம். அன்று டேவிஸ் பந்தை ஏந்தி ஓடி 157 கெஜமும் மூன்று டச்டவுன்களும் எடுத்தார். அவருக்கே ஆட்ட நாயகன் விருதும் கிடைத்தது. பந்தை ஏந்தியவன் ஓட வேண்டுமானால், ஓரத்தில் நிற்கும் ரிசீவர் தனக்குப் பந்து வராது என்று தெரிந்தும் எதிரணித் தடுப்பாளனை மார்போடு மார்பாக மோதி விலக்கி நிறுத்த வேண்டும். பல ரிசீவர்கள் கடமைக்குச் செய்யும் இந்த வேலையை விரும்பிச் செய்தவர் என்று பெயரெடுத்தவர் ஸ்மித். அடுத்த பருவத்தில் டேவிஸ் 2,008 கெஜம் ஓடினார் என்று தங்கள் கட்டுரை சரியாகவே குறிப்பிட்டிருக்கிறது. அந்த ஓட்டத்துக்கு ஓரத்தில் நின்று வழி திறந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் வரி கிடைக்காமல் போய்விட்டது.

இரண்டாவது சூப்பர் பவுலில் நிலைமை தலைகீழ். 1999 ஜனவரி 31 அன்று மயாமியில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்கு எதிராக எல்வே 336 கெஜம் வீசி ஆட்ட நாயகன் ஆனார், டென்வர் 34-19 என்று வென்றது. அந்த 336-இல் 152 கெஜத்தை ஐந்தே பந்துகளைப் பிடித்துப் பெற்றவர் ஸ்மித். அட்லாண்டாவின் எளிதான கோல் உதை ஒன்று தவறிய அடுத்த நொடியே, அவர் தடுப்பாளனைப் பின்னால் விட்டுவிட்டு ஓடிப் பிடித்த 80 கெஜ டச்டவுன்தான் ஆட்டத்தின் முடிச்சை அவிழ்த்தது. இந்த எண்களைத் தங்கள் கட்டுரை எல்வேயின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டது.

எல்வேயின் தயவால் வளர்ந்தவர் என்று ஸ்மித்தைப் பற்றிச் சொல்வோர் உண்டு. அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்த ஆட்டத்தோடு எல்வே ஓய்வு பெற்றுவிட்டார். ஸ்மித்தின் மிகச் சிறந்த இரண்டு பருவங்கள் அதற்குப் பிறகே வந்தன. 2000-இல் பிடித்த 100 பந்துகளில் 1,602 கெஜம், 2001-இல் பிடித்த 113 பந்துகளில் 1,343 கெஜம். குவார்ட்டர்பேக்குகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், பிடித்த கைகள் மாறவில்லை. ஆயிரம் கெஜத்தைத் தாண்டிய பருவங்கள் மொத்தம் எட்டு. இடுப்புக் காயத்தால் 2006-க்குப் பிறகு களமிறங்க முடியாமல் போனபோது அவர் கணக்கில் 849 பந்துகள், 11,389 கெஜம், 68 டச்டவுன்கள் இருந்தன. டிராஃப்டில் யாரும் எடுக்காத ஒருவர் பத்தாயிரம் கெஜத்தைக் கடந்தது அவரால்தான் முதன்முதலில் நிகழ்ந்தது. தறி ஓட்டிய குடும்பத்தில் பிறந்த எனக்குக் கெஜம் என்றால் மூன்றடி என்பது கையளவில் பழக்கம். 11,389 கெஜம் என்பது பத்துக் கிலோமீட்டருக்கு மேல், திருப்பூரிலிருந்து அவிநாசிக்குப் போகும் வழியில் பெரும்பகுதி. எதிரே ஆள் நின்று தடுக்கத் தடுக்க, துண்டு துண்டாக அளந்து எடுத்த தூரம் அது.

ஓஹியோவின் கேன்டன் நகரில் உள்ள ஹால் ஆஃப் ஃபேம் இன்னும் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கடந்தவர்களைப் பத்திரிகையாளர்கள் பெரும்பான்மையாக உள்ள குழு ஒன்று விவாதித்து, ஐந்தில் நான்கு பங்கினர் ஒப்பினால்தான் உள்ளே சேர்க்கும். தகுதி பெற்றுப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் ஸ்மித் வெளியில்தான் நிற்கிறார். மூன்று முறை மட்டுமே, பருவத்தின் சிறந்தவர்களுக்கான நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானார் என்பதை எதிர்வாதமாகச் சொல்வார்கள். அதில் நியாயமில்லை என்று நான் வாதிடப்போவதில்லை. ஆனால் 2001-இல் உள்ளே சென்ற ரிசீவர் லின் ஸ்வான் தம் ஆட்ட வாழ்வில் பிடித்தவை 336 பந்துகள், எடுத்தது 5,462 கெஜம். அது வேறு காலம், பந்து அதிகம் வீசப்படாத காலம் என்பதையும், ஸ்வானின் பெரிய ஆட்டங்கள் பெரியவைதான் என்பதையும் ஒப்புக்கொண்டே சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை.

டென்வர் மக்கள் மட்டும் மறக்கவில்லை. 2012-இல் அவருடைய பெயரை அரங்கத்தின் ரிங் ஆஃப் ஃபேமில் பொறித்தார்கள். அந்நாட்டில் பெரும்பாலானோருக்கு ரிசீவர்களில் 80 என்றால் ஜெர்ரி ரைஸ்தான். அதே ரைஸ் 2005-இல் தம் கடைசி முயற்சியாக டென்வர் பயிற்சி முகாமுக்கு வந்தபோது 19-ஆம் எண்ணைத்தான் அணிந்தார். அங்கே 80 ஸ்மித்தின் முதுகில் இருந்தது. எங்கள் நால்வருக்குள் வாக்கெடுப்பு நடத்தினால் இந்த ஒரு செய்திக்கே அவரைக் கேன்டனுக்கு அனுப்பிவிடுவோம். செக்கிங்காரர் மட்டும் புரோ பவுல் கணக்கைக் காட்டி முரண்டு பிடிப்பார். மூவர் போதாது, ஐந்தில் நான்கு பங்கு வராது என்று அவரே கணக்கும் சொல்லிவிடுவார்.

தங்களிடம் வேண்டுவது ஒன்றே. ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரியில் சூப்பர் பவுல் வரும்போது தங்கள் பக்கத்தில் பழைய வெற்றிகளைப் பற்றி ஏதாவது வரும் என்று நம்புகிறேன். டென்வரின் முறை மறுபடியும் வந்தால், 336-க்குப் பக்கத்தில் 152 என்ற எண்ணையும் அதற்கு உரியவரின் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்தப் பழைய ஃபிரேமை நான் இன்னும் உடைக்கவில்லை. பட்டறைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறேன். கட்டுரையோடு படம் ஏதும் தேவைப்பட்டால், வெள்ளைத் துணியில் 80 அச்சிட்டு அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
அச்சுப் பட்டறை வாசகர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.