ஊசி முந்தட்டும், பசை பிந்தட்டும்

அன்புள்ள நூல்கண்டே,

இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, உன்னை விசாரித்தாள். உன் பொட்டலம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடாததற்கு நன்றாகத் திட்டிக்கொள், திட்டி முடித்தபின் மீதியைப் படி.

"இனி இந்தத் துணியும் பெயிண்டும் எனக்கு வேண்டாம், மணிகளை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பக்கம். கொடுக்காதே. துணியில் பேஸ்டும் பெயிண்டும் பூசி, நூலும் மணியும் தைத்து நீ அனுப்பிய அந்த நீலத் துண்டை வெயிலில் வைத்தும் விளக்கடியில் வைத்தும், திருப்பிப் போட்டும் பார்த்தாயிற்று. உன் கையில் குறை இல்லை, கண்ணிலும் இல்லை. வரிசைதான் தலைகீழாகப் போயிருக்கிறது. முதலில் மோல்டிங் பேஸ்ட் (மேடு எழுப்பப் பூசும் அந்தக் கெட்டிப் பசை), அதன்மேல் பெயிண்ட், அது காய்ந்தபின் ஊசி என்று போயிருக்கிறாய். கல்லான பிறகு தைக்கப் போனால் எந்த ஊசிதான் கேட்கும்?

முதலில் துணி ஏன் கிண்ணம் மாதிரிக் குழிந்தது என்று சொல்கிறேன். மோல்டிங் பேஸ்டில் தண்ணீர் இருக்கிறது. காயும்போது தண்ணீர் போக, பேஸ்ட் சுருங்குகிறது. துணியின் ஒரு பக்கத்தில் மட்டும் அது பிடித்திருப்பதால் துணியையும் தன்னோடு இழுக்கிறது. அடியில் தாங்க எதுவும் இல்லாத மெல்லிய பருத்தி வேறு என்ன செய்யும்? அதோடு நீ துணியை நனைத்துக் காயவைக்காமலே எடுத்திருக்கிறாய், பின்பக்கத்தில் கஞ்சியின் விறைப்பு இன்னும் இருக்கிறது. புதுத் துணி முதல் நனைப்பில்தான் சுருங்கும். அந்தச் சுருக்கம் உன் வேலைக்கு நடுவில் வந்தால் படம் கோணாமல் இருக்குமா?

வெடிப்புக்குக் காரணம் தடிமன். ஓர் இடத்தில் 5 மில்லிமீட்டருக்கு ஒரே தடவையில் பூசியிருக்கிறாய். மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். பிறகு உள்ளே இருப்பது சுருங்கும்போது மேல்தோல் கிழியும். சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனுக்கு அடியில் வேறு வைத்திருப்பாய், எனக்குத் தெரியாதா. 1 முதல் 2 மில்லிமீட்டர், அது உள்வரை காய்ந்தபின் அடுத்த பூச்சு. பேஸ்டோடு மூன்றில் ஒரு பங்கு ஜெல் மீடியம் (அக்ரிலிக்கில் கலக்கும் கூழ்) கலந்தால் காய்ந்தபிறகும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும்.

ஊசி இறங்கிய இடத்தில் எல்லாம் வெள்ளை வட்டம் தெரிகிறது என்று அழுதாயே, அதுவும் இதனால்தான். காய்ந்த பேஸ்டை ஊசி துளைக்கும்போது விளிம்பு உதிர்கிறது. நீலம் மேலே மட்டும்தான், உள்ளே பேஸ்ட் வெள்ளை. துணியில் தப்பாகக் குத்தினால் நகத்தால் நீவி இழையைச் சேர்த்துவிடலாம். பெயிண்டிலும் பேஸ்டிலும் விழுந்த ஓட்டை ஓட்டைதான், மூடாது. நமக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் இருந்திருந்தால் உன் கையைப் பிடித்து அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லியிருப்பார்.

இனி அடுத்த துண்டு. இதைச் செய்தே ஆகவேண்டும் நீ.

வேலை முடிந்தபின் படம் 12க்கு 12 சென்டிமீட்டர் இருக்கவேண்டும் என்றால் துணியை 18க்கு 18 வெட்டு. சுற்றிலும் 3 சென்டிமீட்டர் மடிக்கவும் பிடிக்கவும் வேண்டும். காடாத் துணி போதும். சுடுதண்ணீரில் துவைத்துக் கஞ்சியைப் போக்கி, இஸ்திரி போடு. பிறகு ஈரமாக்கி, ஒரு பங்கு அக்ரிலிக் பெயிண்டுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் ஊற்றிக் கரைத்து ஓடவிடு. தண்ணீர் கூடக்கூடப் பிடிப்பு குறையும், காய்ந்தபின் தேய்த்தால் நிறம் கையில் வரும். அதனால் அந்தத் தண்ணீரிலேயே கொஞ்சம் ஃபேப்ரிக் மீடியமும் (நிறம் துணியில் பிடிக்கக் கலப்பது) சேர். இப்படிப் போட்ட நிறம் இழைக்குள் இறங்கிவிடும், மேலே தோலாகப் படியாது. ஊசி வெண்ணெயில் போவதுபோல் போகும்.

காயவைப்பதில்தான் பாதிப் படம் இருக்கிறது. தட்டையாகப் போட்டால் நிறம் ஏறக்குறைய சீராக நிற்கும். கொடியில் தொங்கவிட்டால் கீழ் விளிம்புக்கு இறங்கும். கசக்கி, மேடு பள்ளமாக வைத்தால் மேடுகள் முதலில் காயும். காய்கிற இடத்தை நோக்கி ஈரம் ஊறி ஏறும், கூடவே நிறத்தையும் கொண்டுபோகும், மேட்டின் முதுகில் கருங்கோடாக நின்றுவிடும். நீ பேஸ்டால் வரவழைக்கப் பாடுபட்டாயே அந்தப் பாறைக் கோடு, அது இப்படிச் சும்மாவே வரும்! ஒன்றை மட்டும் மனதில் வை: துணியில் ஊறிய நிறம் காய்ந்தால் வெளுக்கும். கெட்டியாகப் பூசிய அக்ரிலிக் காய்ந்தால் கறுக்கும், ஈரத்தில் பால்போல இருக்கும் அதன் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால். ஓரத் துண்டு ஒன்றில் இரண்டையும் போட்டு, காய்ந்த பிறகு முடிவு செய்.

இஸ்திரி போட்டு நிறத்தை இறுக்கவேண்டுமா என்று கேட்டிருந்தாய். துவைக்கிற பொருளுக்குத்தான் அது வேண்டும். சுவரில் மாட்டுவதற்குத் தேவையில்லை. போட்டே தீருவேன் என்றால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பின்பக்கத்திலிருந்து, கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பேக்கிங் தாள் வைத்து, நீராவி இல்லாமல் போடு. சூட்டில் அக்ரிலிக் இளகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டும்.

நிறம் காய்ந்ததும் அடியில் ஒரு ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) வைத்துச் சேர்த்துத் தை. இந்த ஒரு ஃபெல்ட் உன் சங்கடத்தில் பாதியைத் தீர்க்கும். துணி சுருளாது, மணியின் பாரம் தாங்கும், நூல் முடிச்சுகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். மேலே காயத்துக்குக் கட்டும் காஜ் துணியைக் கிழித்து, இழைகளை அங்கங்கே உருவி, தள்ளித் தள்ளிப் போடு. அதன்மேல் ஆர்கன்சா, அந்தக் கண்ணாடி மாதிரி மெல்லிய துணி. சொரசொரப்பு துணியிலிருந்தே வரவேண்டும் என்பது என் கட்சி. பேஸ்ட் என்பது ஊறுகாய் மாதிரி, இலை முழுக்கப் பரப்புவதில்லை.

ஆர்கன்சாவின் ஓரத்தைச் சூட்டில் சுருக்கும் ஆசை உனக்கு வரும், வந்தே தீரும். பாலியெஸ்டரும் நைலானும்தான் சுருங்கி உருகும். பட்டும் பருத்தியும் கருகும், அவ்வளவுதான். எது எது என்று தெரியாவிட்டால் ஒரு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்: உருண்டையாகக் கெட்டிப்பட்டால் செயற்கை இழை, பொடிந்து சாம்பலானால் பருத்தியோ பட்டோ.

இங்கே விளையாட்டை விட்டுச் சொல்கிறேன். இதை உன் அந்தச் சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு செய்யாதே. உருகும் செயற்கை இழையின் புகையும், சூடேறும் பெயிண்டின் புகையும் நுரையீரலுக்கு ஆகாது. உனக்கு ஏற்கெனவே இழுப்பு இருக்கிறது, எத்தனை இரவு உட்கார்ந்தே தூங்கியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வெளியில், காற்று உன்னைத் தாண்டிப் போகிற பக்கம் பார்த்து உட்கார். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். துணியைக் கையால் பிடிக்காதே, இடுக்கியால் பிடி. அப்புறம், தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் அந்தப் பள்ளிக்கூடப் பழக்கம். சில மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்மியம் இருக்கிறது. விட்டுவிடு. வேறு எதில் நீ என் பேச்சைக் கேட்காவிட்டாலும் போகட்டும், இதில் கேள்.

சரி, தையல். நூல் 45 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஜரிகை நூல் என்றால் 30 போதும், துணிக்குள் போய்ப் போய் வரும்போது உரிந்துவிடும். ஆறு புரி நூலைப் பிரித்து, ஒரு புரியில் கொஞ்சம் பிரெஞ்சு முடிச்சு (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் குமிழ் முடிச்சு), இரண்டு புரியில் கொஞ்சம், மூன்று புரியில் கொஞ்சம் என்று கலந்து போடு. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் கொப்பளம் மாதிரித் தெரியும். முடிச்சுகள் போட்டபின், தூரிகையில் பெயிண்டைத் தொட்டு, தாளில் ஒற்றி, ஏறக்குறைய காய்ந்த நிலையில் முடிச்சுகளின் தலையை மட்டும் தடவு. நிறம் மேட்டில் மட்டும் ஏறும், பள்ளம் பழைய நீலத்திலேயே இருக்கும். பெயிண்டும் நூலும் ஒன்றாகிற இடம் அதுதான், இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த கட்டமும் அதுதான். பேஸ்ட் வேண்டுமென்றால் இப்போது வை, தைத்து முடித்த இடங்களுக்கு நடுவே, சிட்டிகை சிட்டிகையாக. மணி வரவேண்டிய இடத்தைக் காலியாக விடு.

மணி கடைசி. மணி வைத்தபின் பெயிண்டைத் தொடாதே, கண்ணாடியின் ஒளி போய்விடும்.

பாசிமணியில் நம்பர் ஏற ஏற மணி சிறுக்கும். 11 நம்பர் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 8 நம்பர் 3, 6 நம்பர் 4. உன் அளவுக்கு 11 நம்பரில் 60, 70 மணி, 8 நம்பரில் பத்து, அவ்வளவே. நீ 300க்குக் குறையாமல் கொட்டியிருக்கிறாய். கல்யாண ரவிக்கை தைக்கிறாயா நீ?

உன் மணிச்சரம் தொங்குவதற்குக் காரணம், ஒற்றை நூலில் 12 மணியைக் கோத்து ஒரே எட்டில் தாண்டியது. நான்கு மணி கோத்து, துணியோடு படுக்கவைத்து, நான்காவதை ஒட்டி ஊசியை இறக்கு. பிறகு இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே மேலே வந்து, கடைசி இரண்டுக்குள் மறுபடி நுழைத்து, அடுத்த நான்கைக் கோ. ஊசியைத் தள்ளி இறக்கினால் நூல் தெரியும், நெருக்கி இறக்கினால் மணிகள் முதுகு தூக்கும். நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல், இரட்டையாக. இரண்டு மூன்று தையலுக்கு ஒருமுறை பின்னால் முடிச்சுப் போடு. ஓரிடத்தில் அறுந்தாலும் அங்கேயே நிற்கும். உன் ட்யூப் மணி இரண்டு அறுந்து வந்திருந்தது, பார்த்தாயா? அதன் விளிம்பு கத்தி. இரு முனையிலும் ஒவ்வொரு பாசியை வைத்தால் நூல் விளிம்பில் உரசாது.

இன்னொன்று, நீ கேட்காதது. உள்ளே ஒளி போகிற மணிக்குச் சொந்த நிறம் பாதிதான். மீதி அதன் நூலும் அடித்துணியும் தருவது. அதே பச்சை மணி வெள்ளை நூலில் புல், கருநீல நூலில் பாசி படிந்த கிணறு. நீ எல்லாவற்றையும் வெள்ளையில் கோத்துவிட்டு மணி கடையில் பார்த்த மாதிரி இல்லை என்கிறாய். அடிப்பூச்சும் பளபள, மணியும் பளபள என்றால் எது கண்ணில் படும்? பூச்சில் மேட் மீடியம் கலந்து மங்கலாக வை. பிறகு கொஞ்சம் மணியே போதும். சாயம் ஏற்றிய மலிவு மணிகளை மட்டும் முன்னமே சோதித்துவிடு. நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்துத் தேய்த்தால் சாயம் பஞ்சில் ஏறிவிடும். இரண்டு வாரம் ஜன்னலில் வைத்தால் வெளுப்பதும் தெரியும்.

சட்டம் போடும்போது கண்ணாடி மணியையும் பெயிண்டையும் தொடக்கூடாது. நடுவே இடைவெளிக் கட்டை வைக்கச் சொல். காய்ந்த அக்ரிலிக்கும் புழுக்கத்தில் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் பாதி அங்கே, பாதி இங்கே.

பழைய நீலத் துண்டைத் தூக்கிப் போடாதே, அதைத் திருப்பி அனுப்புகிறேன். வெடிப்புகளில் நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட்டு, மேலே இருப்பதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடு. வறண்ட ஆற்றுப்படுகை கிடைக்கும். இடது மூலையில், விரல் கடை அகலத்துக்கு, மூன்று சாம்பல் மணியும் ஓர் உருவிய இழையுமாக வைத்திருக்கிறாயே, அந்த இடத்தில் மட்டும் எதையும் பூசாதே. அதை 5க்கு 5 சென்டிமீட்டராக அப்படியே வெட்டி எடுத்துப் புதுத் துண்டின் மேல் வைத்துத் தை. அந்த மூலை மாதிரி என்னால் வைக்க வராது.

துணியை நனைத்துப் போட்டதும் ஒரு வரி எழுது. அக்கா உனக்காக எடுத்து வைத்திருக்கும் சாம்பல் நிற ஃபெல்ட்டையும் இதோடு வைத்திருக்கிறேன், இரண்டு துண்டுக்கு வரும்.

அன்புடன்,
உன் கத்தரிக்கோல்