கார்டு காய வைத்த கைகளுக்கு

மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கு வணக்கம்.

என் கடைக் கூரை பறந்து கார்டெல்லாம் நனைந்தபோது கை கொடுத்தவர்களுக்கான இந்த நன்றி மடலை மூன்று மாதத்திற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். கூரை வேலை, கடை வேலை, அப்புறம் பொங்கல் என்று தள்ளிப் போய்விட்டது. பெயர் போட்டு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கேட்டவர்களில் பாதிப் பேர் "என் பேரைப் போட்டீங்கன்னா கடைப் பக்கமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

கடையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மசாலா மில்லுக்கும் தையல் கடைக்கும் நடுவில், ஒற்றைக் கதவோடு இருக்கிறதே, அதுதான். சேர்த்து வைத்து ஆடும் போக்கிமோன் கார்டு, மேஜிக் கார்டு, கேட்டான் மாதிரி போர்டு கேம்கள், பகடை, கார்டுக்கு உறையாகப் போடும் ஸ்லீவ், குளிர்பானம். "நாற்பது வயசுல பொம்மைக் கடை வெச்சிருக்கான்" என்று என் சொந்த மாமாவே சொல்வார். பக்கத்துப் பெரிய ஊர் ஈப்போ அரை மணி நேரம்தான், பிள்ளைகள் அங்கே போய் வாங்கலாம். கைப்பேசியில் அதைவிட மலிவாகவும் வாங்கலாம். என் கடைக்கு வருவது எதிரில் உட்கார ஓர் ஆள் கிடைப்பார் என்பதற்காக. வெள்ளிக்கிழமை ராத்திரி கோயிலுக்குப் போனவர்களும், மக்ரிப் தொழுகை முடித்தவர்களும், டியூஷன் முடிந்து வரும் சீனப் பையன்களும் சேர எட்டரை ஆகும். அதனால்தான் எங்கள் ஆட்டம் எப்போதும் எட்டரைக்கு.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம். அந்தப் பருவத்தில் சாயங்கால மழை நமக்குப் புதிதில்லை, ஆனால் அன்று மழைக்கு முன்னால் காற்று வந்தது. பின்பக்கக் கூரையில் ஆறு தகரம் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தது. முதல் தகரம் கழன்ற சத்தத்தை லோரி மோதியது என்று நினைத்து நான் வாசலுக்கு ஓடினேன். அதற்குள் உள்ளே ஸ்டோர் அறையில் அருவி மாதிரி கொட்ட ஆரம்பித்துவிட்டது.

கடைக்குள் அப்போது பதினான்கு பிள்ளைகள். முதல் நன்றி அவர்களுக்கு. நான் சொல்வதற்கு முன்பே வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றி வாசல் பக்கம் கொண்டு வந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. கண்ணாடி அலமாரியில் இருந்த விலையுயர்ந்த கார்டுகளை யாரும் தொடவில்லை. ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்பிள்ளை முதலில் தூக்கி வந்தது, மூலை கிழிந்து செலோடேப் ஒட்டிய கடைக் கேட்டான் பெட்டி. எல்லாரும் சேர்ந்து விளையாடுவது அது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது அது போய்விட்டது.

மூன்று வருடத்திற்கு முன் அந்தக் கூரையை மாற்றியவர், திருகாணி போட வேண்டிய இடத்தில் பாதிக்குத்தான் போட்டிருந்தார். யார் என்று சொல்லப் போவதில்லை. சரக்குக்குக் காப்புறுதி எடுக்காமல் விட்டது என் தப்பு, அதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

நனைந்தது ஏறக்குறைய மூவாயிரம் கார்டு. அதில் என்னுடையது போக, பிள்ளைகள் கடையில் வைத்துவிட்டுப் போகும் டெக்குகளும், அதாவது ஆடுவதற்குச் சேர்த்துக் கட்டிய கார்டுக் கட்டுகளும், உண்டு. போக்கிமோன் டெக் என்றால் அறுபது கார்டு, மேஜிக்கில் கமாண்டர் என்ற ஆட்ட வகைக்கான டெக் என்றால் நூறு. ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு தம்பி சனி ஞாயிறில் கார் கழுவிச் சேர்த்த காசில் ஒன்றரை வருடமாக ஒவ்வொன்றாக வாங்கிய நூறு அது. ஸ்லீவ் போட்டிருந்ததால் தப்பியிருக்கும் என்று நினைத்தோம். ஸ்லீவ்தான் வினையே. மேல்வாய் திறந்திருக்கும் பை அது. தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது. ஒவ்வொன்றாக உருவி எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் கார்டின் மேல்தோல் ஸ்லீவோடு வந்துவிடும்.

பக்கத்து மில் அண்ணன் தீபாவளி நேரத்தில், முறுக்கு மாவும் மிளகாய்த்தூளும் மலைபோல் குவிந்திருக்கும் நேரத்தில், பின்னறையைக் காலி செய்து கொடுத்தார். அங்கே எப்போதும் ஒரு காய்ந்த வெக்கை இருக்கும். தரையில் நாளிதழ் விரித்து, மனைவியின் ஹேர் டிரையரை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு கார்டாக ஊதிக்கொண்டிருந்தேன். மிளகாய் அரைக்க வந்திருந்த ஒரு பாட்டி கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, சூடு காட்டாதே. ஷீட்டையும் இப்படித்தான் அவசரப்பட்டுக் கெடுப்பானுங்க."

பாட்டி தோட்டத்துப் புகைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக இழுத்து, கம்புகளில் தொங்கவிட்டு, மெதுவாகப் புகை காட்டி நாள்கணக்கில் காய வைக்கும் வேலை. என் அம்மாவும் பால் மரம் வெட்டியவர்தான், ஆனால் பால் வாளி ஸ்டோருக்குப் போன பிறகு அதற்கு என்ன ஆகும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பாட்டி சொன்னது இவ்வளவுதான்: "காத்து போகணும். ஒண்ணு மேல ஒண்ணு படக்கூடாது. ரெண்டு பக்கமும் ஒண்ணா காயணும்."

கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருந்தது. மினுமினுக்கும் ஃபாயில் கார்டின் முன்பக்கப் பூச்சு ஈரத்தை இழுக்காது, பின்னால் உள்ள காகிதம் இழுக்கும். காகிதம் மட்டும் உப்புவதால் கார்டு படகு மாதிரி வளையும். நான் பின்பக்கத்தில் சூடு காட்டக் காட்ட அது எதிர்ப்பக்கம் சுருண்டது. இத்தனை வருடம் கார்டு விற்பவனுக்கு இது தெரியாமல் போனது வெட்கம்தான்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் மில் அறை புகைக்கூடம் ஆகிவிட்டது. தையல் கடை அக்கா நூல்கண்டோடு வந்து சுவருக்குச் சுவர் பதினோரு கயிறு இழுத்தார். துணி மாட்டும் கிளிப்பு வீடு வீடாக வந்தது. கிளிப்பு நேராகப் பட்டால் கார்டில் தழும்பு விழும் என்று, வெட்டுத் துணித் துண்டை நடுவில் மடித்து வைக்கச் சொன்னதும் அக்காதான். இரண்டு மேசைக் காற்றாடி, சுவரைப் பார்த்துத் திருப்பி. இரண்டு நாள் கழித்து இறக்கி, பழைய பள்ளிப் புத்தகங்களுக்கு நடுவில் அடுக்கி, மேலே பத்துக் கிலோ அரிசிப் பை. காலணிப் பெட்டிக்குள் வருமே சிலிக்கா பொட்டலம், அதைப் பிள்ளைகள் ஒரு மைலோ டின் நிறையச் சேர்த்துக் கொண்டு வந்தார்கள்.

மூவாயிரத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் பிழைத்தது. கார் கழுவும் தம்பியின் நூறில் தொண்ணூற்று நான்கு. மீதி ஆறையும் வெவ்வேறு ஆட்கள் தங்கள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒன்று விலை கொஞ்சம் அதிகம். கொடுத்தவர் அதைப் பற்றிப் பேசவே கூடாது என்கிறார். மிளகாய் வாசனை மட்டும் போகவில்லை. ஈப்போவிலிருந்து ஆட வந்த ஒருவர் போன வாரம் எதிராளி டெக்கைக் கலைக்கும்போது மூன்று தடவை தும்மினார்.

கூரைக்கு வருகிறேன். ஹார்ட்வேர் கடைச் சீன முதலாளி, நம்ம தவுக்கே, தகரம், கட்டை, ரப்பர் வளையம் போட்ட திருகாணி எல்லாம் கடனாகத் தந்தார். தோட்டத் தமிழில் அவர் சொன்னது: "காசு எங்க ஓடிப் போவுது? முதல்ல கூரை போடு." செம்பனை ஆலையில் வேலை செய்யும் மூன்று பேர் தங்கள் ஓய்வு நாளில் ஏறி வேலையை முடித்தார்கள். அவர்கள் பிள்ளைகள்கூட என் கடைக்கு வருவதில்லை. கூலி வாங்கவில்லை, சாப்பிட மீ கோரிங்கும் குடிக்க தே தாரேக்கும்தான். வேலைக்கு நடுவில் ஒருவர் என்னிடம், "இதுல ஜெயிச்சா என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். இன்னொரு பாக்கெட் கார்டு கிடைக்கும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஏறிவிட்டார்.

கூரைச் செலவுக்கு உண்டியல் வைத்தது நான் இல்லை, ரொட்டி சானாய் கடைக்காரர். தலைக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் வாங்கமாட்டேன் என்று எழுதி வைத்துவிட்டார். அதைப் பார்த்த ஒரு பெரியவர், "நம்ம ஊரு சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியா சேர்த்துத் தோட்டமே வாங்கினாரு, இது ஆறு தகரம்தானே" என்றாராம். அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் சொல்கிறார். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களால் வேலை இழந்து நின்றவர்களின் காலம் அது. என் ஆறு தகரத்தை அதோடு சேர்த்துப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது.

கடை மூடியிருந்த ஐந்து வாரமும் ஆட்டம் நிற்கவில்லை. சனிக்கிழமைப் பிள்ளைகளை ஒரு கணக்கு டீச்சர் தன் வீட்டு முன்கூடத்தில் உட்கார வைத்தார். காப்பாற்றப்பட்ட அதே கேட்டான் பெட்டி. இரண்டு பகடை உருட்டினால் முப்பத்தாறு விதமாக விழலாம், அதில் கூட்டுத்தொகை ஆறு விழுவது ஐந்து விதம், இரண்டு விழுவது ஒரே விதம் என்று டீச்சர் கட்டம் போட்டுக் காட்டினாராம். ஒரு பையன் கேட்டுக்கொண்டே இரண்டாம் எண் பக்கத்தில் வீடு கட்டினான். "எனக்கு வரும் டீச்சர்." அன்று இரண்டு தடவை வந்தது. டீச்சர் இன்னும் அந்தக் கோபத்தில்தான் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமைக்குத்தான் இடம் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாவின் சாவி வைத்திருக்கும் ஐயாவிடம் போனேன். கார்டு என்றதும் முகம் மாறிவிட்டது. சூதாட்டம் என்று நினைத்துவிட்டார். அவர்மேல் குறை இல்லை, இந்த ஊரில் கார்டால் அழிந்த குடும்பங்களை அவர் பார்த்திருக்கிறார். "நான் உட்கார்ந்து பார்ப்பேன்" என்றார். பார்த்தார், மூன்று மணி நேரம். எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று பாக்கெட். பிரித்து ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை இடப்பக்கம் தர வேண்டும், இரண்டாவது பாக்கெட்டை வலப்பக்கம், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். எடுத்த கார்டுகளை வைத்து டெக் கட்டி ஆட வேண்டும். பத்து மணிக்கு என் காதோரம் கேட்டார்:

"பணம் எங்கப்பா?"

"பணம் இல்லீங்க ஐயா."

"அப்புறம் எதுக்கு அந்தப் பையன் பத்து நிமிஷமா யோசிக்கிறான்?"

சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளி அவரே வந்து கதவைத் திறந்தார். மூன்றாவது வெள்ளி ஆள் குறைந்தபோது எட்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். தோற்றார். மறுபடியும் வருகிறார்.

கடைசியாக, கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் தினமும் கேரம் ஆடும் பெரியவர்கள். பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று நான்கு வருடமாக என்னிடம் சண்டை போட்டவர்கள் நீங்கள்தான். பின்கதவு உடைந்து கிடந்த இரண்டு ராத்திரியும் பலகையைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி வரை காவல் இருந்ததும் நீங்கள்தான். என் மனைவி ஃபிளாஸ்கில் காப்பி கொண்டு வந்தபோது, "தூக்கம் வரலே, அதான் ஆடுறோம்" என்று சொன்னதை அவள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். அவளுக்கும் நன்றி. ஹேர் டிரையர் புதிதாக வாங்கித் தர வேண்டும்.

சேர்ந்த கிளிப்பு நூற்று நாற்பதுக்கு மேல் ஒரு பிஸ்கட் டின்னில் கல்லாப் பக்கம் இருக்கிறது. உங்களுடையதை அடையாளம் தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நீல மேசைக் காற்றாடி ஒன்றுக்கு இன்னும் ஆள் வரவில்லை. கேரம் பெரியவர்களுக்கு ஒரு சேதி: அந்த இரண்டாம் ராத்திரியில் தொலைந்த உங்கள் சிவப்புக் காய் கிடைத்துவிட்டது. மில் அண்ணன் சல்லடை தட்டும்போது மல்லியோடு விழுந்ததாம். மருந்து டப்பா மூடியை வைத்து ஆடியது போதும், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.